மஞ்சள் கண்

பரிசோதனைக்கூட ஜன்னல் வெயிலில் இரண்டு கண்ணாடித் தகடுகள் பளபளக்கின்றன: ஒன்றில் மகளின் ரத்தம், மற்றதில் அப்பாவான அவனுடையது. நுண்ணோக்கியில் குனிந்த மனைவி நிமிர மனமில்லாமல் நிற்கிறாள். இரண்டிலும் சிவப்பணுக்கள் நடுவில் இருக்க வேண்டிய குழி இல்லாமல் குண்டு குண்டாக உருண்டு கிடக்கின்றன. “ஜீன் ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்லுது!” டாக்டர் துள்ளிக் குதிக்காத குறை. “அணுவோட தோலை உள்ளேயிருந்து இழுத்துப் பிடிக்கிற புரதம் ஆன்கிரின். அப்பாவுக்கும் பொண்ணுக்கும் பிறவியிலேயே அது குறைச்சல். அதான் அணு சீக்கிரம் உடைஞ்சு கண்ணு மஞ்சளாகுது. பாப்பாவைப் பத்திரமா பார்த்துக்கலாம்.” இதே மஞ்சள் கண்ணுக்காகப் பதினோரு வருஷமாக மாமனார் வீட்டில் அவன் பெயர் குடிகாரன். மனைவி மெல்லத் திரும்புகிறாள். “அப்போ நிஜமாவே நீங்க குடிச்சதில்லையா?” “ஒரு சொட்டுகூட இல்லடி.” அவள் அவன் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்குகிறாள். “இருங்க, எங்கப்பாவைக் கூப்பிடுறேன். டாக்டர், நீங்களே சொல்லுங்க, சத்தமா!”