ஒருத்தர் சம்மதிக்கலை

கோயில் ஆபீஸ் அறையிலிருந்து தலைவர் வெளியே வந்தார். மருந்துக்கடைக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷர்.

"உன்னை அர்ச்சகரா போட முடியாதும்மா. கமிட்டியில எல்லாரும் சரின்னு சொல்லணும். ஒருத்தர் சம்மதிக்கலை."

ஆகமம் முறையாகப் படித்துத் தேறிய பெண் அவள். பழைய அர்ச்சகர் படுத்த படுக்கையானதும் துணிந்து வேலை கேட்டிருந்தாள். தலையாட்டினாள்.

யார் அந்த ஒருத்தர் என்று வெளியே காத்திருந்த ஊர்க்காரர்கள் கேட்டார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட விஷயம், சொல்ல மாட்டேன் என்றுவிட்டார் தலைவர்.

அப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்று முதலில் முணுமுணுத்தவரே அவர்தானே. வாசலில் செருப்பு மாட்டும்போதே அவர் காதுபடத் திட்டினார்கள். அவர் தலை நிமிராமல் போனார்.

கமிட்டியில் இருந்த ஒரே பெண் டீச்சர். கூட்டத்துக்குக் கூட்டம் அந்தப் பெண்ணுக்காக வாதாடியவர். அவர் தோளில் சாய்ந்துதான் அவள் அழுதாள்.

"நீங்க ஒருத்தர்தான்க்கா எனக்காகப் பேசினீங்க. அது போதும்."

டீச்சரால் அவள் முதுகைத் தடவ மட்டும்தான் முடிந்தது.

கூடப் போயிருந்த டீச்சரின் மகளுக்கு வீடு வந்தும் ஆறவில்லை. இனிமேல் அந்த ஆள் கடையில் ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கக்கூடாது என்றாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதே" என்றார் டீச்சர், காய்ந்த துணிகளை மடித்தபடி. "அவர் மனசு மாறி சரின்னுட்டார். மறுத்தது நான்."

மகள் அப்படியே நின்றுவிட்டாள். "வாய் கிழியப் பேசினியேம்மா?"

"பேசினேன். தனியா கேட்டப்போ சரின்னு வாய் வரலை."

இன்னொரு துணியை எடுத்தார். மடிக்கவில்லை.

"எங்கப்பா அர்ச்சகர். அவர் சொல்ற மந்திரமெல்லாம் எனக்கும் தலைகீழ்ப் பாடம். ஒருநாள், நானும் உள்ளே வரட்டுமாப்பான்னு கேட்டேன். பொம்பளை உள்ளே வந்தா சாமி எழுந்து போயிடும்னார். நம்பிட்டேன்."

கையிலிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்போ அவ உள்ளே போயும் சாமி அங்கேயே இருந்துட்டா, நான் ஆயுசு பூரா வெளியே நின்னதுக்கு யார்கிட்ட போய் நியாயம் கேட்பேன்?"