பங்கில் வந்த படகு

படகின் அடிப்பலகையில் ஆறாவது துளையைப் போட்டுக்கொண்டிருந்தான் கணவன். துளைக்கும் சத்தத்தையும் மீறி அவன் சிரிப்பது தையல்காரியின் காதில் விழுந்தது.

"என்ன, தனியாச் சிரிப்பு?" மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இந்தப் படகுல முதல் சவாரி எங்க அண்ணனுக்குத்தான். அன்னிக்கு இருக்கு அவருக்கு!"

தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஓட்டைப் படகு, நடு ஏரி, நீச்சல் தெரியாத அண்ணன்காரன். சாக வேண்டாம், நாலு மிடறு தண்ணீர் குடித்தால் போதும் என்று மனசுக்குள்ளேயே தண்டனையையும் குறைத்துக் கொடுத்தாள்.

அவள் கோபம் சும்மா வந்ததல்ல. மாமனாரின் பட்டறை ஒரே நீளக் கூடம். பங்கு பிரித்தபோது தெருவைப் பார்த்த முன்பாதியை ஷட்டர், ஜன்னல் சகிதம் அண்ணன்காரன் வளைத்துப் போட்டான். "அப்பாவோட ஓட்டைப் படகையும் நீயே வச்சுக்கடா" என்று பின்பாதியைத் தம்பி தலையில் கட்டினான். ஒரே வாரத்தில் நடுவே, தரையிலிருந்து கூரை வரை சுவர் எழும்பிவிட்டது.

அன்றோடு வெளிச்சம் போனது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அவள் தைத்தாள். ஊசியில் நூல் கோக்கவே மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் கண்ணும் போய்விடும், தொழிலும் போய்விடும்.

"சுவத்துல ஒரு ஜன்னலாவது விடுங்க மாமா" என்று அண்ணன்காரனிடம் அவள் கெஞ்சினாள்.

"வெளிச்சம் வேணும்னா தெருவுல உக்காந்து தையும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான் அவன். அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

மறுநாள் பார்த்தால், கணவன் அந்தத் துளைகளில் வரிசையாக ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான். உளுத்த பலகையை எடுத்துவிட்டு, புதுப்பலகையில்தான் அவன் துளை போட்டிருக்கிறான் என்று அப்போதுதான் அவள் கவனித்தாள்.

"ஓட்டையை அடைக்கிறீங்களே!"

"அடைக்காம? ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரக்கூடாது."

"அப்புறம் அவரை எப்படிப் பழி வாங்குறது?"

"கொஞ்சம் பொறு."

பொறு பொறு என்றே ஆறு மாதத்தை ஓட்டினான். பட்டி பார்த்தான், கை தோல் உரிய உப்புத்தாள் தேய்த்தான், மூன்று கோட் வார்னிஷ் அடித்தான். படகின் பழைய மோட்டாரைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினான். அதைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கிக் கயிற்றை இழுத்தபோது, பதினைந்து வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்து அது உறுமியது.

சத்தம் கேட்டு அண்ணன்காரன் வந்துவிட்டான். பின்பாதிக்கு இருந்த ஒரே வழியான சந்துக் கதவில் தொப்பையை எக்கிக்கொண்டு, ஒரு தோளை முன்னே விட்டுப் பக்கவாட்டில் நுழைந்தவன், படகைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"அடேயப்பா! அப்பா இருந்தப்பகூட இது இப்படி இல்லையேடா!" வார்னிஷில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டான். "மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அப்பா படகு உன்கிட்ட இருந்தா பாக்கிறவன் என்ன சொல்லுவான்?"

"எடுத்துக்குங்கண்ணே" என்றான் கணவன். தையல்காரியின் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவிக் கீழே விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை புது சம்பந்தி குடும்பத்தோட வர்றார். வாராவாரம் ஏரியில சவாரி கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்துடப்போறேன். சாயங்காலம் திரும்ப இங்கயே நிறுத்திக்கலாம், வெயில் படாது பாரு." போகிற போக்கில் அவள் பக்கம் திரும்பினான். "சீட்டுக்கு நல்லதா உறை தைச்சு வையும்மா. நீலக் கலர்."

அவன் மறைந்ததும் தையல்காரி வெடித்தாள். "உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா? ஆறு மாசம் நாயா உழைச்சது அவர் சம்பந்தியை ஊர்கோலம் விடவா?"

"நீலத்துலயே தை" என்றான் கணவன்.

அவள் தைத்தாள். ஒவ்வொரு தையலையும் அண்ணன்காரன் முதுகில் போடுவதாக நினைத்துக்கொண்டு தைத்தாள். கட்டினவனுக்கும் நடுநடுவே நாலு தையல் விழுந்தது.

ஞாயிறு காலை, சுவருக்கு அந்தப்பக்கம் ஒரே தடபுடல். கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தமும் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. ஷட்டர் கடகடவென்று ஏறியது. படகை ஏற்றிப்போக வந்த வண்டியை, "வா... வா... இன்னும் பின்னால வா" என்று அண்ணன்காரனே முன்பாதிக்குள் வரவழைத்தான்.

இந்தப்பக்கம் கணவன் படகை உருளைக் கட்டைகள் மேல் தள்ளிக்கொண்டு வந்து, அதன் மூக்கு சுவரை உரச நிறுத்தினான். தையல்காரி உதவிக்குப் போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"டேய், சம்பந்தி எல்லாரும் காத்துட்டிருக்காங்க!" அண்ணன்காரன் குரல் அதிகாரமாக வந்தது. "படகை வெளியே விடுடா!"

கணவன் மூலையில் சாத்தியிருந்த சம்மட்டியைக் கையில் எடுத்தான். தையல்காரிக்குப் பகீரென்றது. இத்தனை நாள் அடக்கி வைத்த கோபத்தில் மனுஷன் படகை நொறுக்கப் போகிறானா, அண்ணன் மண்டையையா?

"ஐயோ, வேண்டாங்க!" என்று பதறி எழுந்தாள்.

அவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். பிறகு சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, சம்பந்தி காதிலும் விழும்படி உரக்கக் கூவினான்:

"நீங்க அந்தப்பக்கம் இடிங்கண்ணே, நான் இந்தப்பக்கம் இடிக்கிறேன்!"