ஆணி இல்லாத கட்டில்

வசுமதி ஓராண்டாக வடிவமைத்த நாற்காலிகளில் ஒன்றுகூட உருப்படவில்லை. களிமண்ணில் பிடித்தது வெடித்தது. வைக்கோல் பிரி சுற்றிச் செய்ததில் பாதியைப் பக்கத்து வீட்டு மாடு தின்றுவிட்டது. நாளை கண்காட்சி. அலுத்துப்போய், படம்கூட வரையாமல், ஊரில் மூங்கில் வேலை செய்யும் கொம்பையாவைக் கூப்பிட்டாள்.

"நாற்காலி வேண்டாம், ஒரு கட்டில் வேணும். ஆணி, பசை எதுவும் கூடாதுண்ணே. அசந்துபோன ஆளு படுத்தா சுகமா இருக்கணும். உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி செய்யுங்க."

ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். இரண்டு நீள மூங்கில், குறுக்கே ஏழு கம்பு, மேலே பச்சைத் தென்னங்கீற்று. வசுமதி படுத்துப் பார்த்தாள். முதுகு முழுவதையும் கீற்று அப்படியே வாங்கிக்கொண்டது. பல மாதமாகச் சரியாகத் தூங்காத அவளுக்குக் கண் சொருகியது.

"எப்படிண்ணே இவ்வளவு சரியா வந்துச்சு?"

"பழகின கைதானம்மா. இதுல படுத்தவுக யாரும் முதுகு வலிக்குன்னு இதுவரைக்கும் சொன்னதில்ல."

நான்கு முனையிலும் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த மூங்கிலை அவர் நறுக்க மறந்துவிட்டார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அது தோளுக்கு என்று இப்போது புரிந்தது. எழுந்துவிட நினைத்தாள், உடம்பு கேட்கவில்லை.

வண்டியில் ஏற்ற வந்த நான்கு பேரும் வாசலில் தயங்கி நின்றார்கள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கொம்பையாவிடம் தணிந்த குரலில் கேட்டார்கள்.

"தூக்கிரலாமா?"

கண்ணைத் திறக்காமலே வசுமதி சொன்னாள், "மெதுவாத் தூக்குங்க."