அம்சவேணிக்கு வராத சாஃப்ட்வேர்

"எனக்கு பிளெண்டர் வராது பா. டிங்கர்கேட் போதும்" என்றாள் அம்சவேணி.

அக்ஷயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிங்கர்கேட் என்பது கம்ப்யூட்டர் திரையில் பெட்டியையும் உருளையையும் இழுத்துப் போட்டு ஒட்டவைக்கிற சமாச்சாரம். ஸ்கூல் பசங்க சாவிக்கொத்து செய்து பழகுவது. பிளெண்டரோ சினிமாக்காரர்கள் வரைக்கும் பயன்படுத்துவது. இரண்டும் இலவசம்தான். பிறகு எதற்குச் சின்னதைப் பிடித்துத் தொங்குவது?

அக்ஷயா, அம்சவேணி, ஹரோல்ட் மூன்று பேரும் காலேஜில் கடைசி வருஷம். தண்ணீர் டேங்கர் வரவழைக்க ஓர் ஆப் செய்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைத் தொட்டால் போதும், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசும். கோடிங் ஹரோல்ட். குரல் அம்சவேணி. பன்னிரண்டு முப்பரிமாணப் படங்கள் அக்ஷயா.

பத்து நாளில் பெங்களூர் கம்பெனிக்குக் காட்டவேண்டும். தேர்வானால் சொந்த ஊரான கோலார் தங்கவயலிலிருந்தே செய்கிற வேலை. இல்லையென்றால் அக்ஷயாவுக்கு ராபர்ட்சன்பேட்டையில் அப்பாவின் பாத்திரக் கடைக் கல்லா தயாராக இருந்தது.

லேப்பில் உருப்படியான சிஸ்டம் ஒன்றே ஒன்று. அதனால் மூவரும் ஷிஃப்ட் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடரவேண்டும்; படமோ குரலோ, திருத்தம் எதுவானாலும் ஷிஃப்டில் இருப்பவர் செய்யவேண்டும். ஆகவே மூன்று பேருக்கும் வருகிற சாஃப்ட்வேர்தான் எடுக்கவேண்டும். முதல் நாளே சமத்துவம் பேசி இந்த விதியைக் கொண்டுவந்தவள் அக்ஷயாவேதான். இப்போது அதுவே காலைச் சுற்றியது.

அரைமணி நேரம் வாதாடினாள். நம் ஊர்ப் பசங்களுக்கு இவ்வளவு போதும் என்று வெளியூர்க்காரன் சொன்னால் சண்டைக்குப் போகிறோம், அதையே நாம் சொல்லலாமா என்று கேட்டாள். முயற்சியே பண்ணாமல் வராது என்பது சோம்பேறித்தனம் என்றாள். தான் மூன்று வாரமாக பிளெண்டரில் உட்கார்ந்திருப்பதையும், பன்னிரண்டில் முதல் இரண்டு படங்களில் டேங்கருக்குச் சக்கரம் ஒட்டுவதும் குடத்துக்கு வாய் வைப்பதும்தான் பாக்கி என்பதையும், அதுவும் போகப்போக வந்துவிடும் என்பதையும் சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் அம்சவேணி தலையாட்டினாள்.

"நீ சொல்றது கரெக்டுதான் பா. எனக்கு வர்லையே, இன்னா பண்றது?"

வராது என்று ஒத்துக்கொள்கிறவளிடம் என்னத்தை வாதாடுவது? ஹரோல்ட் கைக்கடிகாரத்தைக் காட்டினான். டிங்கர்கேட் என்று முடிவாயிற்று.

மறுநாள் அக்ஷயா கடுப்போடு உட்கார்ந்தாள். நாலே நாளில் பன்னிரண்டு படங்களும் முடிந்தன. லேசாகச் சாய்ந்து ஒரு சொட்டு சிந்துகிற குடத்தைப் பார்த்து ஹரோல்ட் கன்னடத்தில் "சூப்பர் கணே" என்று விசிலடித்தான்.

அக்ஷயாவின் மனம் ஆறவில்லை. கேன்டீனில் சித்ரான்னம் சாப்பிடும்போது, பக்கத்து மேசையில் அம்சவேணி இருக்கிறாள் என்று தெரிந்தே ஹரோல்டிடம் சொன்னாள்:

"ஒரே ஒரு ஆளுக்கு வர்லைன்னு நாங்க எல்லாரும் கீழே இறங்கவேண்டியதாப் போச்சு. இல்லைன்னா இதைவிட நல்லா வந்திருக்கும்."

அம்சவேணி ஊறுகாய் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆப் தேர்வாயிற்று. மூன்று பேருக்கும் வேலை. படங்களைச் செய்தது யார் என்று கம்பெனிக்காரர்கள் தனியாகக் கேட்டார்கள். அப்பா வேறு ஆளைக் கல்லாவுக்குப் பார்க்க ஆரம்பித்தார்.

ஜெயித்த பிறகு அக்ஷயாவுக்குத் தாராள மனசு வந்தது. பாவம் அம்சவேணி. கம்பெனியில் சேருவதற்குள் அவளுக்கு பிளெண்டர் சொல்லிக்கொடுக்க வேண்டியது தன் பொறுப்பு என்று தீர்மானித்து, குறிப்பு நோட்டோடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்சவேணி குடியிருக்கிற ஊரிகத்துக்கு ஸ்கூட்டியில் போய் இறங்கினாள்.

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் வாசலில் அம்சவேணியின் அம்மா பார்வதம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. உள்ளதான் கீறா. கிளாஸ் எடுத்துக்கினு கீறா, சத்தம் போடாம போ" என்றார்.

"என்ன கிளாஸ் ஆன்ட்டி?"

"இன்னாவோ பிளெண்டராமே. ரெண்டு வருஷமா லைன் புள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமையானா இதான்."

அக்ஷயா எட்டிப் பார்த்தாள்.

ஆறு பிள்ளைகள் லேப்டாப்பைச் சுற்றி. நடுவில் அம்சவேணி. கீபோர்டைப் பார்க்காமலே விரல்கள் ஓடின. திரையில் ஒரு டேங்கர், நாலு சக்கரமும் சுழல, மேடு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே தண்ணீர் தளும்புவதுகூடத் தெரிந்தது.

அக்ஷயா நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் கிளம்பும்வரை காத்திருந்தாள். கோபமா, வெட்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. கேட்டது என்னவோ சண்டைக் குரலில்தான்.

"உனக்கு வராதுன்னு ஏண்டி பொய் சொன்ன? கேன்டீன்ல நான் பேசினப்பகூட வாயைத் திறக்கல."

அம்சவேணி லேப்டாப்பை மூடினாள்.

"பத்து நாள்தான் இருந்துச்சு பா, உன் குடத்துக்கு இன்னும் வாயே வர்லை. மூணு பேருல ஒருத்தருக்கு வர்லைன்னு சொன்னாத்தான் மாத்துவாங்க. அதான், என் பேரைச் சொல்லிட்டேன்."