சிவப்பு நெயில் பாலிஷ்

வேலை முடிந்து வந்த கணவர், சட்டைப் பையிலிருந்து ஒரு நெயில் பாலிஷ் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். நல்ல சிவப்பு.

"நான் இதை விட்டு முப்பது வருஷமாச்சு. இந்த வயசுல வெச்சா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றாள் மனைவி.

"இன்னைக்கு உன்னோட பன்னிரண்டாவது வந்துச்சு."

துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

இருவருக்கும் ஒரே தொழிற்சாலைதான். அவள் பாகங்களைப் பூட்டும் பிரிவில் இருந்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். அவர் இப்போது கழற்றும் பிரிவில் இருக்கிறார்.

"என்னோடதுதானா? நல்லா பாத்தீங்களா?"

"முடுக்கின திருகாணிக்கு அடையாளம் வைக்க கம்பெனி பெயிண்ட் குடுத்தா, கலர் நல்லா இல்லன்னு நெயில் பாலிஷ் வெச்சவ உன்னைத் தவிர வேற யாரு? சூப்பர்வைசர் குதிகுதின்னு குதிச்சாரே!"

அவள் சிரிக்கவில்லை.

"அப்போ பன்னிரண்டும் வந்தாச்சா?"

"வந்தாச்சு. ஒண்ணுகூட எந்த ஊர் மேலயும் விழல. ஒப்பந்தப்படி ரெண்டு நாட்டு அதிகாரிங்களும் பக்கத்துல நின்னு பாத்தாங்க. நீ பூட்டின கடைசி அணுகுண்டை இன்னைக்கு நானே என் கையால பிரிச்சுப் போட்டேன்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நீங்களே வெச்சு விடுங்க. வெளிய வழியாம."