தெக்குச் சுவரும் வடக்குச் சுவரும்

ஒரே வீட்டுல தெக்குச் சுவரு, வடக்குச் சுவருன்னு ரெண்டு பேரு. ஆளுக்கொரு பக்கம் பாத்து நிக்கிறதால, பேச்சக் கொண்டுபோறது பல்லிதான். பல்லி சொன்னா பலிக்கும்பாங்க. எங்க நாத்தனா அத நம்பி ஒரு நல்ல சம்பந்தத்தையே கைவிட்டா, அது கெடக்கட்டும்.

மார்கழி முழுக்க வெயிலு தெக்குப் பக்கமே விழுந்துச்சு. "சூரியனுக்கு என்னத்தான் புடிக்கும்னு அவகிட்ட சொல்லு"ன்னு தெக்கு பீத்திக்கிச்சு. வடக்கோ ஈரத்துல ஊறிப்போயி, "காரை உதிருது பல்லி, இன்னும் எத்தன நாளு தாங்குவேன்?"ன்னு அழுதுச்சு.

வைகாசியில சூரியன் வடக்கால சாஞ்சு போனாரு. வடக்குச் சுவரு பாசியெல்லாம் காஞ்சு தெம்பாயிருச்சு. தெக்குல நாள்பூரா நெழலுதான். தெக்கு பல்லிகிட்ட மெதுவா கேட்டுச்சு: "ஏம்ப்பா, அவரு என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

வடக்கு சொல்லியனுப்புன நக்கலையெல்லாம் முழுங்கிட்டு பல்லி, "தெனமும் கேக்குறாருக்கா"ன்னுச்சு.