நாற்பத்திரண்டு தலைகள்

"ஐயா, கண்ணாடிய ஏத்திக்குங்க! சரவெடி வெக்கிறாங்க!"

டிரைவர் பிச்சைமுத்து சொல்லி முடிப்பதற்குள் காருக்கு முன்னால் படபடவென்று வெடித்துத் தள்ளியது. புகை அடங்கியதும் பாலசுந்தரம் இறங்கினார். மிஷன் ஆபீஸ் மேற்பார்வையாளர். முப்பது வருடமாக ஊர் ஊராகப் போகிறார். ஞாயிறு ஆராதனைக்கு வெடி போட்டு வரவேற்ற ஊரை இன்றுதான் பார்க்கிறார்.

பூலாம்பாடி தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் இருந்தது அந்த ஊர். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆறு வருடத்துக்கு முன் ஒரு பழைய வேனைக் கொடுத்து, சபை நடத்த ஊழியர் பிரேம்குமாரை இங்கே அனுப்பி வைத்தவர் அவர்தான். அவன் எழுதும் அறிக்கையில் சபைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கே இருக்காது. யாருக்குப் பிரசவம், யாருக்குக் காய்ச்சல் என்றுதான் இருக்கும். அதனால்தான் நேரில் பார்க்க வந்திருந்தார்.

பையில் ஒரு மாற்றல் கடிதம் இருந்தது. முப்பது பேர் சேர்ந்துவிட்டால் சபை சொந்தக் காலில் நின்றுவிடும். ஊழியர் வேறு ஊருக்குப் போக வேண்டும். அதுதான் மிஷன் வழக்கம். அதற்குக் குறைந்தால் இங்கேயே தொடரலாம்.

"ஐயா, இந்த வெடியெல்லாம் நான் சொல்லலீங்க..." வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான் பிரேம்குமார். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் தம்பி. நீங்க உள்ள வாங்கய்யா!" என்று குறுக்கே புகுந்தாள் சம்பூர்ணம். வெங்காயக் காட்டு வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவள். அவள் குரலுக்கு யாரும் மறுபேச்சுப் பேச முடியாது போலிருந்தது.

தகரக் கொட்டகைக்குள் நுழைந்த பாலசுந்தரம் அசந்துபோனார். உட்கார இடமில்லை. மனதுக்குள் எண்ணினார். நாற்பத்திரண்டு! அத்தனை பேரும் அப்போதுதான் முகம் கழுவியது போல, நெற்றியில் ஈரம் காயாமல் இருந்தார்கள். என்ன சுத்தம்!

ஜெபம் முடிந்ததும் முன்வரிசையிலிருந்து, "ஆமென்" என்று மெல்லிய குரல்கள் எழுந்தன. ஒரு நொடி கழித்து, பின்னாலிருந்து கொட்டகையே அதிர, "ஆமென்!"

காணிக்கைத் தட்டு வந்தபோது, அங்கமுத்து என்ற பெரியவர் அதை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாலசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரேம்குமார் மட்டும் தலை நிமிரவே இல்லை.

"ஐயா, நான் சொல்ல வந்தது..."

"பேசாதப்பா. கண்ணாலயே பாத்துட்டேன்" என்று எழுந்தார் பாலசுந்தரம். கடிதத்தை வெளியே எடுத்தார். "சந்தோஷமான சேதி. முப்பது பேரத் தாண்டிட்டீங்க. இனி உங்க சபைய நீங்களே பாத்துக்கலாம். தம்பிய அடுத்த வாரம் கொள்ளிடக் கரைப் பக்கம் அனுப்பப் போறோம்."

பின்வரிசைத் தலைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொண்டன.

"என்னது, அனுப்பப் போறீங்களா?" அங்கமுத்து எழுந்துவிட்டார்.

"கவலப்படாதீங்க. வேன் இங்கயேதான் இருக்கும்."

"வேனு கெடக்குது சார்! அத ஓட்ட எவன் வேணும்னாலும் வருவான். எம் மவ பிரசவ வலியில கத்தினப்ப, பெரம்பலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் இந்தத் தம்பியும் சேந்து அழுதுகிட்டே ஓட்டுச்சே, அந்த மாதிரி ஆளு கெடைக்குமா?"

"கூட்டம் வந்தா சந்தோஷப்படுவாங்கன்னு சொன்னியே சம்பூர்ணம்! இப்ப என்னாச்சு பாத்தியா?" என்று பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள்.

பாலசுந்தரம் குழம்பிப்போனார். "ஏம்மா, சபை வளர்ந்தா நல்லதுதானே?"

சம்பூர்ணம் விறுவிறுவென்று முன்னால் வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அந்தக் கடுதாசிய மொதல்ல பையில வைங்கய்யா! ஆளு கம்மியா இருந்தா தம்பியக் கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு பயந்து, மாரியாத்தா கோயில்ல பொங்க வெச்சிட்டிருந்தவங்கள திருநீறக் கழுவச் சொல்லி நாந்தான் ஓட்டியாந்தேன். முன்வரிசையில இருக்காங்க பாருங்க, அந்த அஞ்சு பேருதாங்க உங்க ஆளுங்க!"